மஞ்சள் துணி கட்டிய அலரிகள்

என் ஆற்றலரிச் செடியில் ஒரு தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளங்கைக்குள் அடங்குகிற மரத்தொட்டில். கோயில் வாசல் கடைகளில் கொத்தாகத் தொங்கவிட்டு விற்பார்களே, அது. நடுக்கிளையில் சிவப்புக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதற்குச் சற்று மேலே, பல மாதங்களுக்கு முன் நான் முடிச்சுப் போட்டுவிட்டுப் போன மஞ்சள் துணித்துண்டு வெளிறிப்போய், ஆனால் அவிழாமல் இருந்தது. அதைச் சுற்றி நான் கட்டாத துணிகள். புது மஞ்சள், பழைய மஞ்சள், ஒரு ஜாக்கெட் துணியின் ஓரம், மஞ்சள் தடவிய கயிறு.

அடுத்த செடியைப் பார்த்தேன். அதிலும். அதற்கடுத்ததிலும்.

ஓடையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஓர் இளம்பெண் மேலேறி வந்தாள். கையில் கற்பூரமும் துணியும். அவள் புருஷன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறைமேல் பவ்யமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் சிநேகமாகச் சிரித்தாள்.

"நீயும் கட்ட வந்தியாக்கா? துணி எடுத்தார மறந்துட்டியா? என்கிட்ட கீது, பாதி கிழிச்சித் தரட்டா?"

"இங்க எப்போலேர்ந்து கட்டுறாங்க?" என்று கேட்டேன்.

"போன வருசத்துலேர்ந்துதான். பட்டணத்துலேர்ந்து ஒரு அம்மா வந்துச்சாம். ஒவ்வொரு செடியாண்டயும் நின்னு, மஞ்சத்துணி கட்டிக்கினு, வாய்க்குள்ள இன்னாமோ சொல்லிக்கினே போச்சாம். அப்பால அதுக்குப் பொண்ணு பொறந்துச்சாம். கொயந்தைய இடுப்புல தூக்கியாந்து இங்க காமிச்சிட்டுப் போச்சுன்னு சொல்றாங்க. சக்தியுள்ள எடம்க்கா."

அந்தப் பட்டணத்து அம்மா நான்தான். வாய்க்குள் சொன்னது மந்திரம் இல்லை, செடியின் உயரம். எழுதுவதற்குள் மறந்துவிடுமோ என்று சொல்லிக்கொண்டே நடப்பது என் வழக்கம். இடுப்பில் தூக்கி வந்த பெண் என் மகள் கவி. எதிர்வீட்டு அக்கா வெளியூர் போயிருந்த ஒரு நாள், விட்டுவர ஆளில்லாமல் தூக்கி வந்தேன்.

அந்தப் பெண் என் செடியின் முன் கற்பூரம் ஏற்றினாள். நான் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். என் ஆராய்ச்சி பாழாய்ப் போயிற்று என்பது மட்டும்தான் அப்போது புரிந்தது.

ஆடுதான் என்றார்கள்

திருவள்ளூர், ஊத்துக்கோட்டை எல்லாம் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி மலைகள் இருக்கின்றன. மலைக்கு நடுவே ஓடை இறங்கிவரும் பள்ளத்தாக்கை அங்கே கோனை என்பார்கள். என் கோனைக்கு நரிக்கோனை என்று பெயர். நரியை நான் பார்த்ததில்லை.

ஆவடியிலிருந்து ரயில், அப்புறம் பஸ், அப்புறம் இன்னொரு பஸ், அப்புறம் நடை. போகும் வழியெல்லாம் அடுப்பை அணைத்தேனா, குழந்தைக்குப் பால் காய்ச்சி வைத்தேனா, இருமல் மருந்து எங்கே இருக்கிறதென்று சொன்னேனா என்றே மனசு ஓடும். ஓடையின் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அது கொஞ்சம் நிற்கும்.

ஆற்றலரி அந்த ஓடையின் செடி. வீட்டு வாசலில் வளர்க்கிற அரளி போலவே ஒடுங்கிய நீள இலை. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளி பூசியதுபோல் மினுங்கும். தண்ணீருக்குள்ளேயே பாறை இடுக்கில் வேரைச் செருகிக்கொண்டு நிற்கும். வெள்ளம் வந்தால் படுத்துக்கொள்ளும், வடிந்ததும் எழுந்து நிற்கும். மண்ணையும் கல்லையும் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். அது போனால் கரை கரைந்துவிடும். கரை கரைந்தால் கோடையில் குட்டைகூட மிஞ்சாது.

அது போய்க்கொண்டிருந்தது. ஆளுயரப் புதராக இருந்த இடங்களில் கணுக்கால் உயரத்துக் கட்டைகள். பட்டுப்போன தூர்கள். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி.

"ஏன் என்பதில் என்னம்மா சந்தேகம்? ஆடு," என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். நான் சார் என்றே எழுதுகிறேன். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. "ஓடையின் ஒரு பகுதிக்கு முள்வேலி போடு. ஒரு பகுதியைத் திறந்து விடு. வேலிக்குள் வளர்ந்து, வெளியே வளராமல் போனால் ஆடு என்று நிரூபணம் ஆகிவிடும். முடிவை நானே வனத்துறைக்கு அனுப்புகிறேன். கோனைக்குள் ஆடு விடுவதைத் தடுத்துவிடுவார்கள்."

தடுத்தால் முதலில் அடிபடுகிறவள் குப்பம்மா. மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவள். ஏறக்குறைய என் வயதுதான். நான் அங்கே எதற்கு வருகிறேன் என்று இரண்டாம் முறையே தெரிந்துகொண்டுவிட்டாள்.

"வாம்மா போலீசு. இன்னிக்கு எந்த ஆட்ட அரெஸ்ட் பண்ணப்போற?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. செடி ஏன் கொறையுதுன்னு பாக்கத்தான்..."

"எங்காடு அந்தச் செடிய மோந்துகூடப் பாக்காது. எயுதிக்கோ."

அவள் முதுகுக்குப் பின்னால், காதில் கறுப்புப் புள்ளி உள்ள பெரிய வெள்ளாடு ஒன்று ஆற்றலரித் தளிரை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். திரும்பி, ஒரு கல்லை எடுத்து அதன்மேல் எறிந்தாள்.

"சனியனே! மானத்த வாங்குது."

அவள் சொன்னதை நம்ப முடியாது. சார் சொன்னதை நம்பாமல் இருக்கவும் முடியாது. மென்றுகொண்டிருக்கும் ஆட்டை நானே கண்ணால் பார்த்தேன்.

தூளிப் புடவை

எங்கள் வீடு ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். என் கணவருக்கு அங்கே வேலை. காலையில் சங்கு ஊதினால் தெருவே சைக்கிளாக ஓடும். மறுபடி சங்கு ஊதும்வரை தெருவில் பெண்களும் குழந்தைகளும் மட்டும்தான். திருநெல்வேலி, மதுரை, சேலம் என்று எல்லா ஊர்த் தமிழும் ஒரே குழாயடியில் கேட்கும்.

எதிர்வீட்டு லட்சுமி அக்கா மட்டும் உள்ளூர். வேலப்பன்சாவடியில் பிறந்து வளர்ந்தவர். நான் மலைக்குப் போகும் நாட்களில் கவியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். என் அம்மா பூந்தமல்லியில்தான் இருக்கிறார், ஆனால் அப்பா படுக்கையில் இருந்ததால் அவரை இழுக்க முடியவில்லை.

"படிச்ச பொண்ணு, கல்யாணம் ஆயிடுச்சி, கொயந்த ஆயிடுச்சி. இன்னும் இன்னாத்துக்கு செடிய எண்ணிக்கினு கீற?" என்று லட்சுமி அக்கா கேட்பார். கேட்டுக்கொண்டே குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். ரயில் ஏறிய பிறகுதான் எனக்குப் பதில் ஏதாவது தோன்றும்.

எந்தச் செடியை அளக்கிறேன் என்று அடையாளம் வைக்க முதலில் பிளாஸ்டிக் ரிப்பன் கட்டினேன். மாடு மேய்க்கும் பிள்ளைகள் அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். பெயிண்ட் அடித்தேன். வெள்ளம் உரித்துவிட்டது. அப்போதுதான் கவி தூளியில் படுக்க மாட்டேனென்று அடம்பிடிக்கத் தொடங்கியிருந்தாள். தூளி கட்டிய மஞ்சள் பருத்திப் புடவை சும்மா கிடந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. அதைக் கிழித்துத் துண்டு துண்டாக எடுத்துப் போனேன். வேலிக்குள்ளும் வேலிக்கு வெளியிலும், நான் அளக்கும் செடி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டினேன்.

மஞ்சள் துணியைச் செடியில் கட்டினால் நம் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றாமல் போனதுதான் இன்றுவரை ஆச்சரியம். நானே என் கல்யாணத்துக்கு முன் பூந்தமல்லியில் ஒரு வேப்பமரத்தில் அப்படிக் கட்டியிருக்கிறேன். பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் சில சமயம் நம் மூளையில் ஒரு பாதி உறங்கிவிடுகிறது.

கோடையில் நான் கோனைக்குப் போவதில்லை. ஓடையில் தண்ணீர் இருக்காது, வெயில் ஆகாது என்பார் என் கணவர். மழை தொடங்கியதும் போகலாமென்று இருந்தபோது கவிக்கு அம்மை போட்டது. போன வாரம் இந்தப் பத்தியில் அந்த நாட்களைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்து, உடம்பு தேறும்வரை தாய் வாசல் தாண்டக்கூடாது. இப்படிப் பல மாதம் கழித்துப் போன அன்றுதான் அந்தத் தொட்டிலைப் பார்த்தேன்.

சார் சொன்ன வழி

"தொட்டில் கட்டிய செடிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடு," என்றார் சார்.

"நீக்கினால் வெளியே மிச்சம், வெள்ளத்தில் என் துணி அறுந்துபோன செடிகள். எல்லாம் கட்டைகள்தான் சார்."

"அதுதானே வேண்டும்? வேலிக்குள் வளர்ந்திருக்கிறது. வெளியே கட்டையாகிவிட்டது. முடிந்தது. இந்த வருடத்துக்குள் நீ எழுதிக் கொடுத்தாக வேண்டும். பதிவுக் காலத்தை இன்னொரு முறை நீட்டிக்க என்னால் எழுதித் தர முடியாது."

தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒன்று உறுத்தியது.

வெளியே, திறந்த பகுதியில், துணி கட்டிய செடிகள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. அவற்றுக்கு வேலி கிடையாது. ஆடுகள் அவற்றின் அடியில்தான் திரிந்தன. கீழ்க்கிளைகளில் கடித்த அடையாளம்கூட இருந்தது. ஆடு கொல்கிறது என்றால் இவை எப்படிப் பிழைத்தன? வேலிக்குள் இருந்தவை வேலியால் பிழைத்தனவா, இல்லை அவற்றிலும் நான் கட்டியிருந்த துணியாலா?

சார் சொன்னபடி எழுதினால் பட்டம் கிடைக்கும். குப்பம்மாவின் ஆடுகள் கோனையை விட்டுப் போகும். அப்புறமும் செடி செத்துக்கொண்டே இருந்தால்?

நான் யார் இதையெல்லாம் கேட்க, என்றும் தோன்றியது. சாருக்குத் தெரியாததா. வீட்டுக்கு வந்து சாம்பாரில் இரண்டாவது முறை உப்புப் போட்டேன்.

வெள்ளானூர்ச் சூளை

தைப் பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் என்னையும் கவியையும் சைக்கிளில் உட்கார வைத்து வெள்ளானூர் பக்கம் கூட்டிப்போனார். அங்கே எங்களுக்கு ஒரு மனை இருந்தது. வீடு கட்டச் செங்கல் சொல்ல வேண்டும். ஏரிக்கரை ஓரமாக வரிசையாகச் சூளைகள்.

சூளை வைத்திருந்தவர் கல்லைத் தட்டிக் காட்டினார். "சத்தத்தக் கேளு சார். வெங்கலம் மாரி இல்ல? ஆவடி, அம்பத்தூர் ஃபுல்லா நம்ப கல்லுதான்."

என் கணவரும் ஒரு கல்லைத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, அனுபவசாலி போலத் தலையசைத்தார். நான் கவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிழல் தேடினேன். எரிப்பதற்கான மிலார்க் கட்டுகள் வீடு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மிலார் என்றால் சிறு கிளைகளும் சுள்ளிகளும் சேர்த்துக் கட்டிய கட்டு. அதன் நிழலில் ஒதுங்கினேன்.

கவி ஒரு குச்சியை உருவி இழுத்தாள். அதன் நுனியில் இரண்டு இலைகள் காய்ந்து ஒட்டியிருந்தன. ஒடுங்கிய நீள இலை. திருப்பினேன். அடியில் வெள்ளி.

அந்த அடுக்கு முழுவதையும் சுற்றி வந்தேன். பாதிக்கு மேல் ஆற்றலரி. அடிமுனை எல்லாம் அரிவாளால் ஒரே சாய்வாக வெட்டியிருந்தது.

"இது எங்கேர்ந்துங்க வருது?"

"இதுவா? ஊத்துக்கோட்ட அப்பால மலைலேர்ந்து லாரில வருதும்மா. சவுக்கு மிலாரு வெல ஏறிப்போச்சு. இது நல்லா நின்னு எரியும். சூள நெருப்பு வெயில் காலத்துலதான? பொங்கல் முடிஞ்சா எறக்க ஆரமிப்பானுங்க. மழ வர்ற வரைக்கும் லோடு வந்துகினே இருக்கும்."

வெயில் காலம். நான் போகாத மாதங்கள்.

அந்த மாதங்களில் குப்பம்மாவும் அங்கே இருப்பதில்லை. அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட ஆடுகளைக் கீழே ஓட்டிப் போய்விடுவாள். முதல் மழைக்குத்தான் திரும்புவாள். அதற்குள் வெட்டிய கட்டைகள் தளிர்விடும், ஆடு அந்தத் தளிரைக் கடிக்கும். மழைக்குப் பின் போகும் எனக்குக் கடித்த தளிர் மட்டும் தெரியும்.

"மஞ்சத்துணி கட்டின செடிய வெட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எவம்மா வெட்டுவான்? புள்ள குட்டிக்காரன் எவனும் தொடமாட்டான்."

திரும்பும் வழியில் என் கணவர், "கல்லுக்குச் சொல்லிடலாமா?" என்று கேட்டார்.

"வேற சூளை பாருங்களேன்."

"ஏன், கல்லு நல்லாத்தானே இருக்கு? சத்தம் கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். அதுல என் செடி எரியுது."

அவர் முதுகு எனக்கு முன்னால் மேலும் கீழும் அசைந்தது. "திருநின்றவூர் பக்கம் உமி போட்டு எரிக்கிறாங்கன்னு ஃபேக்டரில சொன்னாங்க. விசாரிக்கிறேன்," என்றார். ஒரு வீட்டுக் கல்லால் ஓடை பிழைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவர் விசாரித்தார்.

பூ கட்டிப் பார்த்தது

சூளையில் பார்த்ததைச் சொன்னபோது சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு லாரியை வைத்து ஒரு பள்ளத்தாக்கைப் பேச முடியாதம்மா. நிரூபணம் வேண்டும். ஆடி மாதம்வரை பொறுக்கிறேன். அதற்குமேல் முடியாது."

அவர் சொன்னது நியாயம்தான். வழி என்ன என்று நாள் முழுக்க யோசித்தேன். துணியை அவிழ்த்துவிட்டால் எது வெட்டுப்படுகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் அவை இப்போது என் துணிகள் மட்டும் இல்லை. அந்தத் தொட்டிலை அவிழ்க்க என் கை எழாது. அம்மை இறங்கிய குழந்தையின் உடம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

அவிழ்க்க வேண்டாம், புதிதாகக் கட்டுவோம் என்று முடிவு செய்தேன். ஓடையின் மேற்பகுதியில் இதுவரை யாரும் துணி கட்டாத புதர்கள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதிக்கு மறுபடி முள்வேலி போட ஆள் பிடித்தேன். வேலிக்குள் பாதிச் செடிக்குத் துணி, பாதிக்கு இல்லை. வேலிக்கு வெளியிலும் அப்படியே. எதற்குத் துணி, எதற்கு இல்லை என்பதை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால் நல்ல செடிக்கே என் கை போகும்.

அதனால் எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துத் தரையில் போட்டு, பாதியைக் கவியை எடுக்கச் சொன்னேன். அவள் எடுக்கும் எண்ணுக்குத் துணி. அவள் ஒன்றை எடுத்தாள், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள், ஒன்றை எடுத்தாள்.

லட்சுமி அக்கா வாசலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "இன்னா, பூ கட்டிப் பாக்குறியா? கொயந்த கையால எடுக்கவெச்சா கரீட்டா இருக்கும். சாமி சன்னதில சிவப்பு பூ வெள்ள பூ மடிச்சுப் போட்டு எடுப்போமே, அத்தானே? இன்னா கேட்ட? ஊடு கட்டலாமான்னா?"

"இல்லக்கா. எந்தச் செடி பொழைக்கணும், எது வெட்டுப்படணும்னு."

அக்காவின் முகம் மாறியது. "அத்தப்போயி கொயந்த கையால எடுக்க வெக்கிறியே?"

அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. தப்புச் செய்கிறேனோ. இல்லாத சக்தியை இருப்பதாக ஊரை நம்ப வைக்கிறேனோ. மறுநாள் கோனையில், ஆடுகளைக் கீழே ஓட்டிக்கொண்டிருந்த குப்பம்மாவிடமே கேட்டேன். "நானா கட்டின துணியைப் பாத்து ஜனங்க சாமின்னு கும்பிடறாங்க. இது பாவம் இல்லையா?"

"நீ கட்டி சாமி வந்துடுச்சா? பெரிய ஆளுதான் நீ," என்றாள். "சாமி வர்றதும் வராததும் அதும் இஷ்டம். நீ துணிய கட்டிட்டு ஊட்டுக்குப் போய்ச் சேரு. வெயிலு ஏறுது."

கட்டினேன். தூளிப் புடவையில் மிச்சம் இருந்ததை அன்று கிழித்தேன்.

அக்னி நட்சத்திரம்

அந்தக் கோடையில் வாராவாரம் போனேன். வேண்டுதலுக்கு வரும் பெண்கள் யாராவது இருப்பார்கள் என்ற தைரியம்தான். பாறை கால்வழியே சுட்டது. ஓடை ஒரு கை அகல நீராகச் சுருங்கியிருந்தது.

வீட்டில் கவி லட்சுமி அக்காவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் நான் திரும்பி வந்து கையை நீட்டியபோது, அவள் அக்காவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ரெண்டு நிமிசத்துல வந்துடுவா, நீ மூஞ்சியக் கயுவு," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமலே. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அடுத்த வாரமும் போனேன்.

கத்திரி வெயிலின் நடுவில் ஒரு நாள், கோனைக்குள் நுழையும்போதே அரிவாள் சத்தம் கேட்டது.

ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம். தலையில் துண்டு, கையில் அரிவாள். ஓடையின் மேலே இருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். வேண்டுதலுக்கு அன்று யாரும் வரவில்லை. திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடினால் எதைப் பார்த்தேன் என்று எழுத முடியும்? ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் என் வேலியிடம் வந்தார்கள். கவைக்கோலால் முள்ளை ஒதுக்கினார்கள். உள்ளே ஒருவன் துணி கட்டிய புதரின் கிளையைப் பிடித்து வளைத்தான்.

"டேய்! இன்னா பண்ற?" என்று ஒரு பெண் கத்தினாள். "மஞ்சத்துணி கீது பாரு. உன் பொண்டாட்டி முயுவாம கீறா, நெனப்பு கீதா?"

அவன் சுட்டதுபோல் கையை எடுத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். அடுத்த செடிக்கு நகர்ந்தான். அதில் துணி இல்லை. சாய்வாக ஒரே வெட்டு.

அது கவி எடுக்காத சீட்டு.

எழுந்து போய் நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லியிருந்தால் அன்று நாலு செடி பிழைத்திருக்கும். மறுநாள் வேறு கோனையில் வெட்டியிருப்பார்கள். பையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கத்திய பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் மஞ்சள் துணிகளையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"இன்னாம்மா, தனியா குந்திக்கினு கீற? வேண்டுதலா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. யோசித்துப் பார்த்தேன். இது பொய் இல்லை.

"ஆமாங்க. வேண்டுதல்தான்."

"நடக்கும் போ," என்றாள். தன் பானையிலிருந்து எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி வெட்டப் போனாள்.

ஆடியில் சார் வந்தார்

முதல் மழைக்குப் பிறகு சாரை அழைத்துப் போனேன். நகரத்துச் செருப்போடு வந்து பாறையில் இரண்டு முறை வழுக்கினார். எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வேலிக்குள் துணி கட்டியவை நின்றன. துணி இல்லாதவை கட்டை. வேலிக்கு வெளியே துணி கட்டியவை நின்றன. துணி இல்லாதவை கட்டை. வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கோடை முழுவதும் கோனைக்குள் ஆடே கிடையாது.

சார் குனிந்து, வெட்டிய அடிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். ஏதாவது ஒன்றை நான் பார்க்காமல் விட்டிருப்பேன், அதை இப்போது சுட்டிக்காட்டப் போகிறார் என்றே நின்றேன்.

"செய்முறைப் பகுதியில் என்ன எழுதுவாய்?" என்றார் நிமிராமலே.

"மஞ்சள் துணின்னு எழுதுவேன் சார்."

"பரீட்சகர் சிரிப்பார்."

"சிரிக்கட்டும் சார். நடந்தது அதுதான்."

நானா அப்படிச் சொன்னேன் என்று இருந்தது. சார் நிமிர்ந்து பார்த்தார். "என்ன துணி என்பதையும் எழுத வேண்டும். எங்கிருந்து கிடைத்தது?"

"என் பொண்ணோட தூளி சார்."

அவர் பக்கத்துச் செடியின் துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "எழுது," என்றார்.

அந்த நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. கிடை முடிந்து குப்பம்மா ஆடுகளோடு மேலேறி வந்துகொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் கோலை ஊன்றி நின்றாள்.

"இவருதான் பெரிய போலீசா? இன்னா சாரு, எங்காட்ட உள்ள வெக்கப்போறியா?"

"இல்லம்மா," என்றார் சார். "ஆடு கடிக்குது. ஆனா செடியைக் கொல்றது ஆடு இல்ல."

"கடிக்கவும் இல்ல," என்றாள் குப்பம்மா, சற்றும் அசராமல். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உன் பையில துணி மிச்சம் கீதா?"

ஒரே ஒரு துண்டு இருந்தது. கொடுத்தேன். காதில் கறுப்புப் புள்ளி உள்ள அந்தப் பெரிய வெள்ளாட்டை இழுத்துக் காலிடுக்கில் நிறுத்தி, அதன் கழுத்தில் மஞ்சள் துணியை முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

"எதுக்கு இது?"

"இனிமே எவன் வந்தாலும் இதும்மேல குத்தம் சொல்லமாட்டான் இல்ல? ஊரே உன் துணியப் பாத்து பயப்புடுது."

சார் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

விடுவித்த ஆடு இரண்டடி நடந்தது. கழுத்தைத் திருப்பிற்று. தொங்கிய துணியின் நுனியை நாக்கால் எட்டிப் பிடித்து வாய்க்குள் இழுத்து மெல்லத் தொடங்கியது. குப்பம்மா கல்லை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கவி படுத்துத் தூங்கிய புடவையின் கடைசித் துண்டு அது. தின்று முடிக்கட்டும் என்று நின்றேன்.